தவறு வெளியே வரும் வழி: பணியிட ஆதரவு, தலைமை உறவு, குழுவின் செயல்திறன்

1. சிக்கல்

தலைமை நன்றாக இருந்தால் தவறு குறையும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வு இதற்கு நேர்மாறான எண்ணிக்கையைக் காட்டியது. அந்த முரணுக்கு விளக்கம் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கருத்தாக்கங்கள்

2.1 நிறுவன ஆதரவு: தன் உழைப்பை நிறுவனம் மதிக்கிறது, தன் நலனில் அக்கறை கொள்கிறது என்று பணியாளர் உணரும் அளவையே ராபர்ட் ஐசன்பெர்கர் குழுவினர் 1986-இல் அளவுகோலாக்கினர். இவ்வுணர்வு வலுத்தால் கைம்மாறு செய்யும் கடமையுணர்வும் வலுக்கும்.

2.2 தலைமை உறவு: தலைவர் எல்லோரிடமும் ஒரே விதமாகப் பழகுவதில்லை என்று 1975-இல் டான்சரோ, கிரேன், ஹாகா ஆகியோர் காட்டினர். சிலர் அவரது நெருக்க வட்டத்தில் இருப்பர். மற்றவர்களோடு உறவு கடமை அளவில் நின்றுவிடும்.

3. சான்றுகள்

3.1 மருத்துவமனை: எட்மண்ட்சன் எட்டுப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். தலைமைச் செவிலியரோடு உறவு நன்றாக இருந்த பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் மிகுதி. அந்த எண்ணிக்கை தெரியாத ஒருவர் அப்பிரிவுகளுக்கு நேரில் சென்று கவனித்தார். சில இடங்களில் செவிலியர் தவறுகளைத் தயங்காமல் பேசினர். சில இடங்களில் தண்டனைக்கு அஞ்சி மறைத்தனர். ஆக, கூடியிருந்தது தவறு என்று கொள்வதைவிட, தவறைச் சொல்லும் துணிவு என்று கொள்வதே பொருந்தும்.

3.2 உற்பத்தி நிறுவனம்: 1999-இல் எட்மண்ட்சன் வெளியிட்ட ஆய்வு 51 பணிக்குழுக்களைப் பற்றியது. தலைவரின் வழிகாட்டலும் சூழலின் துணையும் 'உளப் பாதுகாப்பு', அதாவது மனம் விட்டுப் பேசினால் தீங்கு நேராது என்ற குழுவின் பொது நம்பிக்கை, தருகின்றன; அது கற்றலைத் தூண்டுகிறது; கற்றல் செயல்திறனை உயர்த்துகிறது.

4. விளக்கம்

4.1 ஆதரவின் முதற்பயன் ஊக்கம் மட்டுமன்று. கெட்ட செய்தி மேலிடத்துக்குத் தாமதமின்றிச் சேர்வதும் ஆகும்.

4.2 தவறை முதலில் காண்பவர் நெருக்க வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். அவர் வாய் திறக்காவிட்டால், வட்டத்துக்குள் நிலவும் நல்லுறவு பயன் தராது. எனவே உறவின் சராசரியோடு அதன் கடைக்கோடியையும் அளக்க வேண்டும்.

4.3 வரம்பு: அச்சம் நீங்கினால் மட்டும் திறன் வந்துவிடாது. சொல்லப்பட்ட தவறு திருத்தப்படாவிட்டால் அடுத்த முறை சொல்ல ஆள் இருக்காது.

5. முடிவு

பதிவான தவறுகள் குறைந்ததை மட்டும் வைத்து ஒரு குழுவைத் தேர்ந்ததென்று சொல்ல இயலாது. அங்கே இளையவர் ஒருவர் கடைசியாக எப்போது தலைவரிடம் தன் தவறைச் சொன்னார், அதன்பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்டறிந்த பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் கொள்ள முடியும்.