1976: பட்டியலில் ஏறாத பாட்டு



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, அந்தக் காலத்தில் எந்தப் பாட்டு முதலிடம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டான். பாட்டைக் கேட்குமுன் அதனை எத்தனை பேர் பார்த்தனர் என்று நோக்கும் தலைமுறை; கேள்வி நியாயமானதே. விடை கூற 1976-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன்.

ஐரோப்பாவைப் பொறுத்தவரை விடை எளிது. பிரிட்டனில் 1952 முதல் இசைத்தட்டு விற்பனையைக் கொண்டு வாரந்தோறும் தரவரிசை வெளியிட்டு வந்தனர். 1976-இல் அங்கு மிகுதியாக விற்ற தனிப்பாடல், அவ்வாண்டு யூரோவிஷன் போட்டியில் வென்ற பிரதர்ஹுட் ஆஃப் மேன் குழுவினருடையது. ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. சுவீடனின் ஆபா குழுவினர் பாடிய 'டான்சிங் குயின்' பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து எனப் பல நாடுகளில் முதலிடம் பெற்றது. (குழுவின் பெயரை 'அப்பா' என்று படித்து வகுப்பே சிரித்தது.) இந்திப் பாடல்களுக்கும், இலங்கை வானொலியில் 1952-இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' வரிசை இருந்தது.

வாரவாரம் விற்பனையை எண்ணும் அத்தகைய பட்டியல் அன்றைய தமிழ்ப் பாடல்களுக்கு அமையவில்லை. ஆயினும் 1976 மே மாதத்தில் வெளிவந்த 'அன்னக்கிளி' பெரும் திருப்பம் என்பதை யாவரும் ஒப்புவர். இளையராஜா இசையமைத்த முதற்படம் அது. பாடல்களைப் பஞ்சு அருணாசலம் எழுத, எஸ். ஜானகியின் குரல் ஊரெங்கும் ஒலித்தது.

இவ்விசை நம் தேயிலை மலைக்கு அந்நியமன்று என்பது என் எண்ணம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, பதின்ம வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவுடன் ஊர் ஊராகப் பாடச் சென்றவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாவலர் பாடினார். மூணாற்றைச் சூழ்ந்த அத்தொகுதியில் தேயிலைத் தோட்டத் தமிழரே அவருடைய கூட்டத்தினர். கொழுந்து பறிப்போர் முன் பயின்ற இசை, பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் திரையில் ஏறியது எனலாம்.

கேமரன் மலையில் 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டே தமிழர் கொழுந்து பறித்து வந்துள்ளனர். என் பெரியம்மாவும் ரிங்லெட் அருகே ஒரு தோட்டத்தில் பறித்தவர். லயத்தில் இருந்த ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி மாலையில் அனைவரும் அமர்வார்களாம். மலை மறைப்பதால் ஒலி வந்து வந்து போகுமாம். "அன்னக்கிளி பாட்டு வந்த புதுசுல, நெரையில ஒருத்தி ஆரம்பிச்சா அடுத்த நெரையில முடிப்பா. மண்டோர்கூட முணுமுணுப்பாரு" என்கிறார். அவர் பறித்த கொழுந்து அன்றாடம் நிறுக்கப்பட்டு ஏட்டில் ஏறியது. அவர் கேட்ட பாட்டை எவரும் எந்த ஏட்டிலும் குறிக்கவில்லை. அவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. அந்த லயத்தில் உடன் அமர்ந்தவர்களுள் பலர் இன்று இல்லை. 1976-இல் இம்மலையில் எது முதலிடம் என்பதற்கு இத்தகையோரின் நினைவே சான்று.

ஆகவே மாணவர்களிடம் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, வீட்டுப் பெரியோரை விசாரித்து எழுதி வரச் சொன்னேன். பாட்டின் பெயர் மட்டும் போதாது. எங்கே கேட்டார், யாருடன் கேட்டார் என்பதும் வேண்டும் என்றேன். பெற்றோர்கள் தயவுசெய்து துணைபுரிய வேண்டுகிறேன்.

கேள்வி கேட்ட மாணவனே முதலில் எழுதி வந்தான். அன்னக்கிளியை எதிர்பார்த்துத்தான் பக்கத்தைப் புரட்டினேன். அவன் பாட்டியோ, 1968-இல் வந்த எம்.ஜி.ஆரின் 'குடியிருந்த கோயில்' படப் பாடலைச் சொல்லியிருந்தார். 1976-இலும் அவருக்கு அதுவேதான் முதலிடமாம். "தப்பா ஐயா?" என்றான். அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.