வைத்திக்குப்பத்துல ஒரு மலிவு விலை கேசினோ ஹோட்டல் வந்தா?

கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2022 ஜூன் ஞாபகம் இருக்கா? சென்னையிலிருந்து கிளம்பிய கார்டெலியா சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வர இருந்தது. கப்பலில் கேசினோ இருக்கு என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்த முறை அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு பேச்சு ஓயவே இல்லை. "வெளியூர்க்காரன் காசு, அவன் ஆடறான். நமக்கு ரூம் வாடகை, ஆட்டோ சவாரி, நாலு பேருக்கு வேலை. ஒயிட் டவுன்ல வேணாம் சார், வடக்கே வைத்திக்குப்பம் பக்கமா சின்னதா, சீப்பா ஒண்ணு வந்தா என்ன?"

நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கு. அதுவும் நம்ம லாஸ்பேட்டையில் இருந்தே தொடங்கலாம்.

லாஸ்பேட்டை என்ற பெயர் ழான் லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சு ஆளுநரின் "லா" என்ற குடும்பப் பெயரிலிருந்து வந்தது. 1761ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய புதுச்சேரியை 1765ல் திரும்பப் பெற்று மறுபடி கட்டியவர் அவர். அவருடைய பெரியப்பா ஜான் லா, ஐரோப்பாவே அறிந்த சூதாட்டக்காரர்!

ஸ்காட்லாந்தில் 1671ல் பிறந்தவர். 1694ல் லண்டனில் கத்திச் சண்டையில் ஒருவரைக் கொன்று, மரண தண்டனை பெற்று, சிறையிலிருந்து தப்பினார். அப்புறம் ஊர் ஊராகச் சீட்டாட்ட மேசைதான். மற்றவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடினார்கள், இவர் கணக்கை நம்பி ஆடினார். கடைசியில் பிரான்ஸ் நாட்டின் நிதியே இவர் கைக்கு வந்தது. 1719ல் புதுச்சேரியை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியும் இவர் உருவாக்கிய பெரிய கம்பெனிக்குள் இணைக்கப்பட்டது. 500 லிவர் பங்கு ஏறக்குறைய 10,000 வரை ஏறியது. 1720ல் எல்லாம் சரிந்தது. வேலைக்காரர்கள் முதல் பிரபுக்கள் வரை காசு போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். லா 1729ல் வெனிஸில் இறந்தார். (அந்த வெனிஸில்தான் 1638லேயே அரசு அனுமதியோடு சூதாட்ட மாளிகை திறந்தாங்க. பொருத்தமான இடம்!)

லாவுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு என்ன? அமெரிக்க ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கோங்க. மொத்தம் 38 குழி. ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் வைத்தால் செலவு 38. ஜெயிச்ச குழிக்கு, போட்ட காசையும் சேர்த்துத் திரும்ப வருவது 36. நீங்க எப்படி ஆடினாலும் நீண்ட கணக்கில் 100க்கு 5 ரூபாய்க்கு மேல் மேசைக்காரனுக்குப் போய்விடும். அவன் ஏமாற்றவே தேவையில்லை. நீங்க தொடர்ந்து உட்கார்ந்திருந்தா போதும்.

இப்போ ரூம் ஏன் சீப் என்று புரியுதா? ரூம் தூண்டில் புழு மாதிரி. புழுவுக்கு யாராவது லாபக் கணக்கு பார்ப்பாங்களா? மீனவ ஊரில் இதை நான் விளக்கத் தேவையில்லை.

சரி, "சுற்றுலாப் பகுதிக்கு வெளியே, சீப்பா ஒண்ணு" என்பதை உலகத்தில் ஏற்கனவே செய்து பார்த்திருக்காங்க. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. லாஸ் வேகஸ் நகரில் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் "ஸ்ட்ரிப்" என்ற ஒரே சாலையில். 1976ல் அந்தச் சாலையை விட்டு விலகி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், மினி பிரைஸ் மோட்டார் இன் என்ற மலிவு விடுதியை ஒட்டி ஒரு குட்டி கேசினோ திறந்தாங்க. பெயரே "தி கேசினோ". பிறகு பிங்கோ பேலஸ், 1983 முதல் பேலஸ் ஸ்டேஷன்.

அங்கே யாரை எதிர்பார்த்து ஆரம்பிச்சாங்க தெரியுமா? சுற்றுலாப் பயணியை அல்ல. ஸ்ட்ரிப் ஹோட்டல்களில் வேலை பார்த்தவர்களை. சீட்டு போடுபவர்கள், பரிமாறுபவர்கள், ரூம் சுத்தம் செய்பவர்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு இடம். இந்த மாதிரி உள்ளூர் கேசினோக்களில் சம்பளச் செக்கை அங்கேயே மாற்றிக் கொடுக்கும் வசதியும் உண்டு. சம்பளம் வீட்டு வாசலைப் பார்க்கும் முன்பே மேசையைப் பார்த்துவிடும்.

சுற்றுலாப் பயணி மூணு நாள் ஆடிட்டு ஊருக்குப் போயிடுவான். பக்கத்துத் தெருக்காரன் தினமும் வருவான். மலிவு கேசினோ பிழைப்பது இரண்டாமவனை வைத்துதான்.

நடாஷா டவ் ஷூல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகஸின் உள்ளூர் ஆட்டக்காரர்களிடம் பல வருடம் பேசி 2012ல் ஒரு புத்தகம் எழுதினார். அவரிடம் பலர் சொன்னது: ஜெயிக்க ஆடவில்லை, அந்த மெஷின் முன்னால் எல்லாம் மறந்து உட்கார்ந்திருக்கும் நிலைக்காகத்தான் ஆடுகிறோம். மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு. 2013ல் வந்த டிஎஸ்எம்-5 மனநல வகைப்பாடு சூதாட்ட நோயைக் குடி, போதைப்பொருள் இருக்கும் அதே அடிமைத்தன அத்தியாயத்துக்குள் கொண்டுவந்தது. மூளையில் டோபமின் பாதை இரண்டுக்கும் பொது. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகளால், வாழ்நாளில் சீட்டையே தொடாத சிலருக்குச் சூதாட்ட வெறி வந்தது பதிவாகியிருக்கு. இது ஒழுக்கக்கேடு மட்டும் என்று திட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிடறேன். 2000ல் வந்த ஓர் ஆய்வில், கேசினோவில் மாரடைத்து இதயம் தாறுமாறாகத் துடித்து விழுந்தவர்களில் 53 சதவீதம் பேர் பிழைத்தார்கள். எங்கும் கேமரா, பயிற்சி பெற்ற காவலர், கையருகே ஷாக் கருவி. 3 நிமிடத்துக்குள் ஷாக் கொடுத்தவர்களில் 74 சதவீதம்! பொறாமையாத்தான் இருக்கு. அதே கருவி நம்ம பேருந்து நிலையத்திலும் இருக்கலாமே, அதுக்கு ரூலெட் எதுக்கு?

கேசினோ நடத்தும் அரசுகளுக்கே இந்த விஷயம் நல்லா தெரியும். மொனாக்கோவில் அந்நாட்டுக் குடிமக்கள் ஆட முடியாது. நேபாளத்திலும் அப்படியே. சிங்கப்பூர்க்காரர் உள்ளே நுழையவே 150 டாலர் கட்டணும். நம்ம கோவாவில் 1992ல் திருத்திய சட்டம் ஸ்லாட் மெஷினை ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குத்தான் அனுமதித்தது. மலிவு விடுதிக்கு இடமே இல்லை. 2020 பிப்ரவரி 1 முதல் கோவா மக்களுக்கே உள்ளே அனுமதி இல்லை. சிக்கிமும் 2016ல் உள்ளூர் மக்களைத் தடுத்தது.

இப்போ வைத்திக்குப்பத்துக்கு வாங்க. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் வந்து தீர்த்தவாரி கொடுக்கும் கரை. மீனவக் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் கிடையாது. நல்ல பாடு கிடைத்த அன்று கையில் மொத்தமா காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில், ஆள் சும்மா, கையில் நிவாரணப் பணம், மனசில் கடன். நடந்து போகும் தூரத்தில் 24 மணி நேரமும் குளுகுளு ஏசியோட ஒரு ஹால் இருந்தா? எனக்குப் பயமாத்தான் இருக்கு.

நாளைக்கே யாராவது "சுற்றுலா வளர்ச்சி" என்று வந்தால் முதல்ல ஒரே கேள்வி கேளுங்க: "உள்ளூர் ஆளை உள்ளே விடுவீங்களா?" இல்லை என்றால், யார் எப்படித் தடுப்பாங்க என்று கேளுங்க. ஆமா என்றால், ரூம் வாடகை எவ்வளவு என்று பேசுவதே வீண்.

"போன்லயே ரம்மி ஆடறாங்களே டாக்டர்?" என்று கேட்பீங்க. உண்மை. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025ல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் போட்டிருக்கு. அது தனிப் பதிவா எழுதறேன்.

விட்ட காசைப் பிடிக்க மறுபடி ஆடுவது, வீட்டில் மறைப்பது, நகையை அடகு வைப்பது, நிறுத்தினா எரிச்சல், தூக்கமின்மை. இதெல்லாம் உங்க வீட்டில் யாருக்காவது இருந்தால் 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரம், தமிழிலேயே பேசலாம். நேரில் வரணும்னா அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு ஓபிக்கு வாங்க. பார்கின்சன் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரைச் சீட்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க.