யார் வந்து திருத்துவார்கள்?

ஒரு சிறுபத்திரிகையின் பழைய இதழ்களை எல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று நண்பன் கிளம்பியிருக்கிறான். போன வாரம் போன் பண்ணினான். "பைத்தானா, நோடா, பிஎச்பியா? எதுல கட்டட்டும்? ஒரே வார்த்தைல சொல்லு."

நாம் ஒரு சுட்டியைத் தொட்டதும் எங்கோ இருக்கும் ஒரு கணினி, உரிய பக்கத்தைத் தேடி எடுத்து, அடுக்கி, நமக்கு அனுப்பிவைக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நிரலை எந்த மொழியில் எழுதுவது என்பதுதான் அவனுடைய கேள்வி. எனக்கு ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை. விக்கிப்பீடியாவின் கதையைச் சொன்னேன்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது. அதை முதலில் ஓட்டியது யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருள். கிளிஃபோர்டு ஆடம்ஸ் அதைப் பெர்ல் மொழியில் எழுதியிருந்தார். அந்தக் காலத்து இணையதளங்களின் பின்கட்டில் பாதி வேலை பெர்லில்தான் நடந்தது. யூஸ்மாட்விக்கி தயாராகவும் இலவசமாகவும் கிடைத்தது. தரவுத்தளம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கட்டுரையும் வட்டில் ஒரு கோப்பு, அவ்வளவுதான். சின்னக் கூட்டத்துக்கு அது போதும். ஆனால் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அப்போது ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் மாக்னஸ் மான்ஸ்கே என்றொரு மாணவர் இருந்தார். படித்தது உயிரியல். அவர் பிஎச்பியில் புதிய நிரல் ஒன்றை எழுதி, கட்டுரைகளை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்குள் கொண்டுபோனார். 2002 ஜனவரி 25 அன்று ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது.

பிஎச்பிக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. அதன் பிறப்பு அப்படி. 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப், இணையத்தில் போட்டிருந்த தன் சுயவிவரப் பக்கத்தை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனிக்கச் சில சிறு கருவிகளை எழுதினார். ஒரு மொழியைப் படைக்க வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. தேவை வரவர ஒட்டுப்போட்டு வளர்ந்தது. அதனால் ஒரு கட்டளையின் பெயரில் அடிக்கோடு இருக்கும், அடுத்ததில் இருக்காது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று அதன் வழக்கமான கட்டளையிடம் கேட்டால் 15 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டுகளை.

ஆனாலும் மலிவான வாடகை சர்வர்களில் எல்லாம் பிஎச்பி இருந்தது. பக்கத்தின் நடுவிலேயே நாலு வரி எழுதி, சேமித்து, உடனே உலாவியில் பார்த்துவிடலாம். நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் கைவைக்க முடிந்தது. மான்ஸ்கேயே அதற்கு உதாரணம்.

அவர் எழுதியதும் நெடுநாள் தாங்கவில்லை. கூட்டம் கூடியதும் தரவுத்தளம் திணறியது. லீ டேனியல் குராக்கர் எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். 2002 ஜூலையில் அது ஓடத் தொடங்கியது. பழைய நிரல் போனது, மொழி மட்டும் மாறவில்லை. மறுபடியும் பிஎச்பிதான். அடுத்த வருஷம் அதற்கு மீடியாவிக்கி என்று பெயர் வைத்தார்கள். அதே 2003இல்தான் தமிழ் விக்கிப்பீடியாவும் பிறந்தது. இன்றும் அது மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது.

அடுத்த சோதனை வேகத்தில் வந்தது. ஃபேஸ்புக்கும் பிஎச்பியில் கட்டப்பட்டதுதான். அதன் பொறியாளர்கள் பிஎச்பி நிரலை வேகமாக ஓட்ட எச்எச்விஎம் என்ற இயந்திரத்தை உருவாக்கிப் பொதுவில் வைத்தார்கள். 2014இல் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. திருத்தங்களைச் சேமிக்க ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மறு வருஷமே பிஎச்பி 7 வெளிவந்து, மூல மொழியே வேகம் பிடித்துவிட்டது. 2017இல் ஃபேஸ்புக் தரப்பு, இனி எச்எச்விஎம் தங்களுடைய ஹேக் மொழியின் வழியில்தான் போகும், பிஎச்பியோடு ஒத்துப்போவது இலக்கு அல்ல என்று அறிவித்தது. அதில் தப்பு சொல்ல முடியாது, அவர்கள் தேவை அவர்களுக்கு. ஆனால் விக்கிப்பீடியா மறுபடி மூட்டை கட்ட வேண்டியிருந்தது. 2019இல் பிஎச்பி 7க்கு வந்துசேர்ந்தது.

வேகத்தை நம்பிப் போன இடத்தில் சாவி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. பலரும் கேலி செய்த பிஎச்பியின் சாவியோ ஊரெல்லாம் இருந்தது. நிரல் இரண்டு முறை தூக்கி எறியப்பட்டும் தளம் பிழைத்ததற்குக் காரணம், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார முடிந்ததுதான். அப்படி வரும் ஆளுக்கு மொழியின் அழகைவிட முக்கியமானது, அவருக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது. சம்பளம் இல்லாமல் நடக்கும் காரியங்களில் இது இன்னும் கறாரான உண்மை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பன், "சரி, எனக்கு இதுல என்ன பதில்?" என்றான்.

"நீ ஊர்ல இல்லாத அன்னிக்குத் தளம் நின்னுபோனா, யாரு திறந்து பார்ப்பாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தம்பி பார்ப்பான். அவனுக்குக் கொஞ்சம் பைத்தான் தெரியும்."

"அப்ப பைத்தான்" என்றேன்.