நீள்வட்டப் பாதையும் நேர்மையான கணக்கும்

யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் வென்ற சோடி எதுவெனச் சொல்ல ஏடும் எழுதுகோலும் வேண்டியதில்லை. நேரான தரவையிலே ஓடிவரும் வண்டிகளுள் எல்லைக் கோட்டை முதலில் தாண்டியது எது என்பதைக் கூடிநிற்கும் மக்களின் கண்களே தீர்த்துவிடும். நுவரெலியாவிலே, மகஹஸ்தோட்டைக் குன்றின்மீது 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மோட்டார் மலையேற்றப் போட்டியில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். அங்கே தீர்ப்புக் கூறுவது கடிகாரம். நீள்வட்டப் பாதையில் பல மணி நேரம் ஓடும் கார்ப் பந்தயமோ இவ்விரண்டுக்கும் வேறானது. அங்கே தொடக்கமும் முடிவும் ஒரே கோடு. பல கார்கள் அக்கோட்டை நூற்றுக்கணக்கான தடவைகள் கடக்கின்றன. முன்னே பாய்ந்து செல்வதாகத் தோன்றும் கார் உண்மையில் பத்துச் சுற்றுக்கள் பின்தங்கியதாக இருக்கலாம். அதன் பின்னே அமைதியாக வருவது வெற்றிபெறப் போகும் காராக இருக்கலாம். கண் கண்டதைக் கொண்டு இதனைத் தீர்க்க இயலாது. ஒவ்வொரு சுற்றையும் எண்ணி ஏட்டில் ஏற்றும் கணக்கரே அங்கு நீதிபதி.

நேயர்களே, அமெரிக்க நாட்டிலே வளர்ந்த இந்த நெடுந்தூரப் பந்தயத்தின் வரலாற்றைக் கணக்கரின் மேசையருகே நின்று காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். வேகத்தின் கதையைப் பலரும் சொல்வர். அந்த வேகத்தை வெற்றி என்று பதிந்து வைப்பதும், பதியாது விட்டுவிடுவதும் எண்ணுகின்ற கையே என்பதை எடுத்துச் சொல்வோர் சிலரே.

வளையப் பாதையில் எண்ணிக்கை பற்றிய கவலை மிகப் பழையது. உரோம நகரத்துப் பெருந்திடலில் தேர்கள் ஏழு சுற்றுக்கள் ஓடின. எத்தனை சுற்று முடிந்தது என்பதை மக்கள் அறியும்பொருட்டு, கி.மு. 174ஆம் ஆண்டில், திடலின் நடுவே முட்டை வடிவான அடையாளங்களை நிறுத்தினர். சுற்றுக்கு ஒரு முட்டை வீதம் கணக்குக் காட்டப்பட்டது. கி.மு. 33இல் அகிரிப்பா என்பவர் அவற்றோடு கடற்பன்றி உருவங்களையும் சேர்த்தார். குதிரையின் காலை மட்டும் நம்பினால் பூசலே மிஞ்சும் என்பதை அக்காலத்தவரும் உணர்ந்திருந்தனர்.

மோட்டார் யுகத்தில் அந்தப் பூசல் முதல் நாளிலேயே எழுந்தது. இந்தியானாபொலிஸ் நகரிலே, இரண்டரை மைல் சுற்றளவுள்ள பாதையில், 1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் முதலாவது 500 மைல் பந்தயம் நடைபெற்றது. கார்கள் ஓடவேண்டியவை 200 சுற்றுக்கள். நடுவே கணக்கர் மேடைக்கு அண்மையில் நேர்ந்த ஒரு விபத்தினால் எண்ணிக்கை குழம்பியது. ரே ஹரூன் என்பவரே வென்றவர் என்று அறிவித்தனர். ரால்ப் மல்போர்டு என்பவருக்கு ஒரு சுற்றுக் குறைத்து எழுதப்பட்டது என வாதிட்டோரும் இருந்தனர். அதிகாரிகள் ஏடுகளை ஆராய்ந்து மறுநாள் ஹரூனின் வெற்றியை உறுதிசெய்தனர். எனினும் அந்த ஐயம் நூறு ஆண்டுகள் கடந்தும் பேச்சில் நிலைத்துவிட்டது.

இந்தியானாபொலிசில் ஓடியவை பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட வாகனங்கள். நமது பொருளாகிய ‘ஸ்டொக் கார்’ பந்தயமோ வேறு. வணிகரின் இருப்பிலிருந்து எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய சாதாரணக் காரையே பந்தயத்தில் இறக்குவது இதன் மூலக் கருத்து. அமெரிக்கத் தென்பகுதியின் மலைநாட்டில் கள்ளச் சாராயம் கடத்தியோர், பொலிசாரின் கைக்கு அகப்படாது ஓடும்பொருட்டுச் சாதாரணக் கார்களை இரகசியமாக முறுக்கேற்றி வைத்திருந்தனர். அவர்களுட் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் திடல்களில் தம்முள் பந்தயம் ஓடினர். ஒழுங்கற்றுக் கிடந்த இப்பந்தயங்களை ஒரு சட்டத்தின்கீழ்க் கொணர விரும்பிய பில் பிரான்ஸ் என்பவர், 1947 டிசம்பரில் புளோரிடாவின் டேடோனா கடற்கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் கூட்டமொன்றைக் கூட்டினார். அதன் பயனாக 1948 பெப்ரவரியில் ‘நாஸ்கார்’ என்னும் அமைப்புப் பதிவாயிற்று.

கடையில் விற்கப்படும் நிலையிலேயே கார்கள் ஓட வேண்டும் என்ற கண்டிப்பான விதியோடு அதன் முதற் பந்தயம் 1949 ஜூன் 19ஆம் நாள் சார்லட் நகரில் நடந்தது. முதலாவதாக வந்தவர் கிளென் டன்னவே. பந்தயம் முடிந்தபின் பரிசோதகர் அவருடைய காரின் அடியிற் குனிந்து பார்த்தார். சாராயம் கடத்துவோர் செய்வதுபோல் பின்புற வில்தகடுகள் மாற்றப்பட்டிருந்தன. வெற்றி பறிக்கப்பட்டது, அடுத்து வந்த ஜிம் ரோப்பரே வென்றவரானார். காரின் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தும் பயனில்லை. ஓட்டியவனின் திறமைக்கு மேலாக ஏட்டின் நேர்மையை நிறுத்திய தீர்ப்பு அது. இந்த அமைப்புக்கு மதிப்புத் தேடித் தந்ததும் அதுவே.

அடுத்த ஆண்டு பிறந்ததுதான் டார்லிங்டன் பந்தயம். தென் கரோலினா மாநிலத்தவரான ஹரல்டு பிராசிங்டன் 1933இல் இந்தியானாபொலிஸ் சென்று பார்த்தவர். அத்தகைய பாதையொன்றைத் தம்மூரிலும் அமைத்தே தீர்வதென உறுதிகொண்டார். விவசாய நிலமொன்று கிடைத்தது. ஆனால் நிலத்துக்குரியவர், தமது மீன்குட்டையைத் தொடக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். குட்டைக்கு இடம்விட்டு ஒரு முனையைக் குறுக்கியதால் பாதை முட்டையின் வடிவத்தைப் பெற்றது. இன்றுவரை அவ்வடிவம் மாறவில்லை. ஒரு வளைவுக்குப் பொருந்தும்படி சீர்செய்த கார் மறு வளைவில் அடங்குவதில்லை என்று ஓட்டுநர்கள் முறையிடுவதும் ஓயவில்லை.

1950 செப்டம்பர் 4ஆம் நாள், வரிசைக்கு மூன்றாக 25 வரிசைகளில், 75 கார்கள் அங்கே புறப்பட்டன. ஒன்றேகால் மைல் பாதையை 400 தடவை சுற்ற வேண்டும். மொத்தம் 500 மைல். அதாவது, பருத்தித்துறை முனையிலிருந்து தேவேந்திர முனைவரை நேர்கோட்டிற் சென்று திரும்பும் தூரத்திற்குச் சற்றே குறைவு. அவ்வளவு தூரத்தை விற்பனைக் கார்கள் தாங்குமா என்பதே அன்றைய வினா.

அவ்வினாவுக்கு விடை டயரில் இருந்தது. இடப்புறமாகவே திரும்பித் திரும்பி ஓடுகையில் காரின் பாரம் முழுவதும் வலப்புறச் சக்கரங்களின்மேற் சாய்கிறது. வெயிலிற் கொதித்த புதிய தார்ப்பாதை டயர்களை அரம்போல் அராவியது. காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் முதலிய வலிய கார்கள் பாய்ந்தோடி, டயர் வெடித்து, மாற்றி, மீண்டும் பாய்ந்து, மீண்டும் வெடித்து நின்றன. ஜானி மாண்ட்ஸ் என்பவரோ 43ஆம் இடத்திலிருந்து சிறியதொரு பிளிமத் காரிற் புறப்பட்டவர். இந்தியானாபொலிசில் ஓடிப் பழகிய அவர், தம் காருக்கு லொறிகளுக்குரிய கடினமான டயர்களைப் பூட்டியிருந்தார். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவேண்டிய தேவையும் குறைந்தது. ஆறு மணி 38 நிமிடங்கள் கழித்து அவரே வென்றார். சராசரி வேகம் மணிக்கு 75 மைல். அடுத்து வந்த பயர்பால் ராபர்ட்சுக்கும் அவருக்கும் இடையே ஒன்பது சுற்றுக்கள்.

இந்த வெற்றியைக் கண்ணால் கண்டு அறிவது எளிதா? தம்மை வேகமான கார்கள் தாண்டிச் செல்லும்போதும் முதலிடத்தில் இருந்தவர் அவர். அக்காலத்தில் கணக்கர் ஒருவர் தமக்குரிய கார் கோட்டைக் கடக்குந்தோறும் நேரத்தை அட்டையிற் குறித்துக்கொள்வார். 75 கார்களும் முழுத் தூரத்தையும் ஓடி முடித்திருந்தால் 30,000 குறிப்புகள் எழுத நேர்ந்திருக்கும். புழுதியும் இரைச்சலும் சூழ, மணிக்கணக்காக அமர்ந்து எழுதும் அக்கைகளில் ஒன்று சோர்ந்தாலும் ஒருவனுடைய உழைப்புப் பாழாகும்.

கணக்கின் பொறுமைக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு டேடோனா. 31 பாகை சாய்வான வளைவுகளோடு கட்டப்பட்ட இரண்டரை மைல் பாதையில், 1959 பெப்ரவரி 22ஆம் நாள் முதலாவது ‘டேடோனா 500’ நடந்தது. மூன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் 200 சுற்றுக்கள் முடிந்தன. இறுதிக் கோட்டில் லீ பெட்டி, ஜானி போசம்ப் ஆகியோரின் கார்கள் இணைந்தே வந்தன. ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் காரும் அவற்றின் பக்கத்தே வந்து பார்வையைக் குழப்பியது. போசம்பே வென்றவர் என முதலில் அறிவிக்கப்பட்டு, அவர் வெற்றி மேடைக்கும் போய்விட்டார். பெட்டி மறுத்தார். நிழற்படங்களையும் செய்திப்படத்தையும் தேடித் திரட்டி ஆராய்ந்த அதிகாரிகள் மூன்றாம் நாள் பெட்டியே வென்றவர் என அறிவித்தனர். ஒரு வெள்ளையருக்கும் மற்றொரு வெள்ளையருக்கும் இடையே எழுந்த ஐயத்தைத் தீர்க்க அவ்வளவு சிரத்தை எடுக்கப்பட்டது.

இனி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வெண்டல் ஸ்கொட் வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரத்தவர், கறுப்பினத்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் படையிற் பணிபுரிந்தவர். பழைய கார்களை வாங்கித் தம் கையாலேயே பழுதுபார்த்து, தம் பிள்ளைகளின் துணையோடு பந்தயங்களுக்குச் சென்றவர். 1963 டிசம்பர் 1ஆம் நாள் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், அரை மைல் மண் பாதையில் 200 சுற்றுப் பந்தயம். அவ்வாண்டு கறுப்பின மக்கள் வாஷிங்டனிலே உரிமை கோரிப் பேரணி நடத்திய ஆண்டு. ஜனாதிபதி கென்னடி கொலையுண்டு பத்து நாட்கள்கூட ஆகவில்லை.

அப்பந்தயத்தில் ஸ்கொட் முன்னணிக்கு வந்து, 200 சுற்றுக்களையும் முடித்தார். முடிவைக் குறிக்கும் கட்டக்கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. அவர் மேலும் ஓடினார். பின்னர் பக் பேக்கர் என்பவரே வென்றவர் என அறிவித்து, அவர் கையிலே கிண்ணத்தையும் கொடுத்தனர். ஸ்கொட் முறையிட்டார். ஏடுகளைத் திருப்பிப் பார்த்தபோது அவர் இரண்டு சுற்றுக்கள் முந்தியிருந்தது தெளிவாயிற்று. சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்து போனபின், வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டது. பரிசுப் பணமும் கிடைத்தது. எண்ணிக்கைத் தவறு என்று அதிகாரிகள் கூறினர். வெற்றி மேடையில் ஒரு கறுப்பு மனிதன் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை என்பதே ஸ்கொட்டின் முடிபு.

இரண்டு சுற்று என்பது அந்தப் பாதையில் ஒரு மைல். புகைப்படத்தைக் கொண்டு அளக்கவேண்டிய இரண்டடி வித்தியாசமன்று. அதனை எவரும் காணவில்லை என்றால், கண்ணின் குற்றம் என்று மட்டும் அதனைக் கொள்வது கடினம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அன்று அவருக்கு இடமளித்தது மேடையன்று, ஏடே. கணக்கர் அட்டையில் அந்தச் சுற்றுக்கள் குறிக்கப்படாது போயிருந்தால் அவருடைய முறையீட்டுக்கு ஆதாரமே இருந்திராது.

ஸ்கொட் 1990இல் காலமானார். அந்தப் பந்தயத்துக்கு உரிய கிண்ணத்தை நாஸ்கார் அமைப்பு அவருடைய குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது 2021 ஆகஸ்டிலேதான். ஏறக்குறைய 58 ஆண்டுகள் கடந்திருந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் பபா வாலஸ் என்பவர் டல்லடேகாவில் வென்று, அந்த உயர்மட்டப் பந்தயத்தொடரில் வெற்றிபெற்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநரானார்.

இப்பாதைகளில் தமிழர் ஒருவரும் தம் பெயரைப் பதித்துள்ளார். போர்முலா ஒன் பந்தயத்தில் இந்தியாவின் முதல் ஓட்டுநராக 2005இல் இறங்கிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் நீள்வட்டத்திலே நாஸ்கார் லொறி வகைப் பந்தயத்தில் ஓடினார். 250 சுற்றுக்கள் கொண்ட அப்போட்டியில் அவர் 13ஆம் இடம் பெற்றார். அவ்வாண்டு அந்தத் தொடரின் மக்கள் விருப்பத்திற்குரிய ஓட்டுநராகவும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்கொட் பிறந்த டான்வில்லும் அதே மாநிலத்தில், மார்ட்டின்ஸ்வில்லுக்கு அண்மையிலேயே உள்ளது.

இன்று கார்களிற் பொருத்திய மின்கருவிகள் சுற்றுக்களைத் தாமே எண்ணுகின்றன. ‘ஸ்டொக் கார்’ என்ற பெயரும் வெறும் பெயராகிவிட்டது. கடையில் வாங்கும் காரோடு அதற்குத் தோற்றத்தில் மட்டுமே உறவு. ஆயினும் கருவி எண்ணியதை உரியவர் பெயரில் உரிய வேளையில் உரத்த குரலில் அறிவிப்பது மனிதரின் கடமையாகவே நிற்கிறது.

கைத்தறிக்குப் பெயர்பெற்ற நமது மருதமுனைக்கு இது புதிய பாடமன்று. பாவு ஓட்டுகிறவர் இழைகளை எண்ணியே ஓட்டுகிறார். ஓர் இழை விடுபட்டால் அத்தவறு அந்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை; சேலையின் தலைப்பிலிருந்து முடிவுவரை ஒரு கோடாக ஓடிக் காட்டிக்கொடுக்கும். 1963இல் ஜாக்சன்வில்லில் விடுபட்ட இழை அத்தகையதே. அதைக் கண்டு சீர்செய்ய ஒரு மனிதனின் ஆயுள் போதவில்லை.