வியாழன் எங்கே இருக்கவேண்டும்?

கிரேக்கர் பறக்கும் குதிரையாக உருவகித்த பெகாசசு உடுக்கூட்டத்தில், ஏறக்குறைய 50 ஒளியாண்டுகளுக்கு அப்பால், நமது சூரியனை ஒத்த உடுவொன்று உண்டு. 51 பெகாசி என்பது அதன் பெயர். அதனைச் சுற்றும் கோளொன்றைக் கண்டதாக, செனீவா வானியலாளர் மிசேல் மேயரும் அவர் மாணவர் டிடியே கேலோவும் 1995 ஒக்டோபரில் அறிவித்தனர். சூரியனை ஒத்த பிறிதோர் உடுவுக்குக் கோளுண்டு என்பது அன்றுதான் ஐயமற நிறுவப்பட்டது. வகுப்பறையில் நாம் இதனைக் கருவிகளின் வெற்றியாகவே கூறிவிடுகின்றோம். வரலாறோ சற்றுச் சங்கடமானது.

1952ஆம் ஆண்டிலேயே ஒட்டோ ஸ்ரூவ என்னும் வானியலாளர் சிறு கட்டுரையொன்று வரைந்தார். பெருங்கோளொன்று தன் உடுவை மிக நெருங்கி, ஒரே நாளில் ஒரு சுற்றை முடிப்பதாக ஏன் இருத்தல் கூடாது என்பதே அவர் வினா. கோள் இழுக்க உடுவும் சிறிது அசையும். அவ்வசைவினால் உடுவின் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் பெயரும். வியாழனின் பத்து மடங்கு திணிவுள்ள கோளாயின் அக்காலக் கருவிகளே அதனை எளிதிற் காட்டிவிடும் என்றும் அவர் கணித்தார். செவிசாய்த்தோர் அரியர்.

காரணம் வெளிப்படை. நமது வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள் செல்கின்றன. பெருங்கோள்கள் பனி உறையும் தொலைவிலேயே உருவாகும் என்றது கொள்கை. எனவே பிற வியாழன்களும் தொலைவிலேயே இருக்கவேண்டும் என எண்ணினர். கலிபோர்ணியாவின் லிக் அவதான நிலையத்தில் மார்சியும் பட்லரும் 1987 முதல் அளவுகளைத் திரட்டிவந்தனர். நீண்ட ஆண்டுச் சுற்றுக்களைத் தேடியவர்களுக்கு அவசரம் எதற்கு? திரட்டியவற்றுட் பல ஆராயப்படாமலே கிடந்தன. போதிய கணினி வசதி இன்மையும் ஒரு காரணமென்பதை மறைத்தல் நேர்மையன்று.

தென் பிரான்சில் 51 பெகாசியை நோக்கிய கேலோ முதலில் ஐயுற்றது தம் கருவியைத்தான். வியாழனிற் பாதியளவு திணிவுள்ள கோள், 4.23 நாளில் ஒரு சுற்று! புதன் சூரியனுக்கு எத்துணை அண்மையோ, அதனினும் ஏழு மடங்கு அண்மை. மார்சியும் பட்லரும் சில நாட்களிலேயே அதனை உறுதிப்படுத்தினர். பின்னர் தம் பழைய அளவுகளைப் புரட்டி, 1996 சனவரியில் வேறு இரு கோள்களை அறிவித்தனர்.

எனினும் 51 பெகாசியின் கோளும் பொதுவிதியன்று. அத்தகைய அண்மை வியாழன்கள் நூறு சூரியன்களில் ஒன்றளவிலேயே உள்ளன. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைகாட்டி மிகுதியாகக் கண்டவை, பூமியினும் பெரியனவும் நெப்தியூனினும் சிறியனவுமான கோள்களே. நமது சூரிய குடும்பத்தில் அவ்வகைக் கோள் ஒன்றேனும் இல்லை.