ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு

மாற்றுத்திறனாளியை முதலில் சம்பள வேலையில் அமர்த்தி, வேலை செய்யும்போதே அவருக்கு வேண்டிய துணையை விடாமல் அளிக்கும் மறுவாழ்வு முறை இது. பயிற்சி முடிந்த பிறகே வேலை என்ற பழைய வரிசையை இது புரட்டிப் போட்டது. அமெரிக்காவில் முதல் உலகப்போரில் ஊனமுற்ற வீரர்களுக்காகத் தொடங்கிய அரசின் மறுவாழ்வுப் பணி, 1920இல் பொதுமக்களுக்கும், 1943இல் மனநோயாளிகளுக்கும் அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கும் விரிந்தது. ஆனால் பின்னிரு சாராரில் பலருக்கு வாய்த்தது மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய தனித் தொழிற்கூடம்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே அங்கே கொடுக்க 1938ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. தயாரான பிறகு வெளிவேலை என்றார்கள். அந்தத் தயார்நிலை பலருக்கு வாழ்நாள் முழுவதும் வரவேயில்லை. 1980களில் வர்ஜீனியாவில் பால் வீமன் குழுவினர் பணியிடத்திலேயே உடன் நின்று வேலை கற்றுக்கொடுத்தார்கள். 1986இல் இந்த முறைக்குச் சட்டத்தின் வழியே நிதியும் கிடைத்தது.

கடும் மனநோய் உள்ளவர்களுக்கு இதை வடிவமைத்தவர்கள் டார்ட்மத்தைச் சேர்ந்த ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும். நல்லெண்ணத்தை நம்பி அவர்கள் நிற்கவில்லை. குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் 143 பேரிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், நேரே வேலை தேடியவர்களில் 78 விழுக்காட்டினருக்கு வெளிச்சந்தையில் வேலை கிடைத்தது. முதலில் பயிற்சி பெற்றவர்களில் 40 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. பழைய முறையில் குறையாக இருந்தது பயிற்சியின் தரம் மட்டுமல்ல, அது உண்டாக்கிய தாமதமும்தான் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன என்பேன்.

வேலைச் சுமை நோயைக் கிளறிவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். அமெரிக்காவில் பலித்தது வேறெங்கும் பலிக்காது என்றும் சொல்லப்பட்டது. லண்டன் முதல் சோஃபியா வரை ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இரண்டுக்கும் விடை தந்தது: இம்முறையில் வேலை பெற்றவர்கள் 55 விழுக்காடு, பழைய முறையில் 28. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களோ இம்முறையில் 20 விழுக்காடு, மற்றதில் 31. 2010இல் வெளியான தெற்கு லண்டன் ஆய்வோ ஓராண்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. முறையைச் சரிவர நடைமுறைப்படுத்தாததும், உதவித்தொகை பறிபோகும் என்ற பயமும் காரணங்களாகக் கூறப்பட்டன. தோற்றபோதெல்லாம் செயற்படுத்தியவர்களைப் பழிப்பது சாக்குப்போக்கு ஆகாதா? விளைவைப் பார்த்த பிறகு பழித்தால் ஆகும். 1997இலேயே வெளியான மதிப்பீட்டு அளவுகோலைக் கொண்டு, சேவை முறைப்படி நடக்கிறதா என்று விளைவு தெரியும் முன்பே அளந்துவிட முடியும் என்பதால் அந்த ஐயம் பெரிதும் தணிகிறது.

இன்னொரு மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். கிடைப்பவை பெரும்பாலும் பகுதிநேர, கடைநிலை வேலைகள். மனநோயில் கண்ட பலனைப் பார்வையற்றோருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஐரோப்பிய ஆய்வில் ஒரு நாள் வேலை செய்தாலே வெற்றிக் கணக்கு. இம்முறையின் துணை இருந்தும் நூற்றுக்கு 45 பேர், பதினெட்டு மாதத்தில் அந்த ஒரு நாளையும் எட்டவில்லை.