மீண்டும் ஸ்டியரிங் பிடிக்க

1999 மே 9, அமெரிக்காவில் அன்னையர் தினம். மிசிசிப்பியில் உள்ள சூதாட்ட விடுதிக்கு முதியவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று, நியூ ஆர்லியன்ஸ் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மண்மேட்டில் மோதியது. 22 பயணிகள் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கடுமையான நோய்கள் இருந்தன. உடலில் கஞ்சாவும் இருந்தது. போதைப் பரிசோதனையில் சிக்கி வேலை போன பழைய கதையை மறைத்துவிட்டுத்தான் அவர் அந்த வேலையில் சேர்ந்திருந்தார்.

ஓட்டுநர்களுக்கான போதைப் பரிசோதனைச் சட்டம் அப்போதே இருந்தது. அதற்கு விலையாக உயிர்களும் போயிருந்தன. 1987 ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில் சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு ரயில் இன்ஜின்கள் மீது ஆம்ட்ராக் ரயில் மோதி 16 பேர் மாண்டார்கள். இன்ஜினில் இருந்தவர்கள் கஞ்சா புகைத்திருந்தார்கள். 1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் யூனியன் சதுக்கத்தில் தடம் புரண்டு 5 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட மசோதா, அடுத்த இரண்டு மாதத்தில் சட்டமானது.

அந்தச் சட்டம் லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கும் சேர்த்துத்தான். தண்டனையோடு நிற்காமல், சிகிச்சைக்கும் வாய்ப்பு வேண்டும் என்றது. அதன் சிறப்பே அதுதான்.

மீண்டும் பணிக்குத் திரும்பும் வழி நீளமானது. பரிசோதனையில் சிக்கியவர் உடனே வண்டியை விட்டு இறங்க வேண்டும். தகுதிபெற்ற போதை மதிப்பீட்டாளர் ஒருவர் பேசி, ஆலோசனையா சிகிச்சையா என்று முடிவு செய்வார். அதை முடித்தபின் மறுபடி அவரிடம் போக வேண்டும். பிறகுதான் பணிக்குத் திரும்பும் பரிசோதனை. மதுவென்றால் அளவு 0.02-க்குக் கீழே இருக்க வேண்டும். சிறுநீர் மாதிரியென்றால் 2009 முதல் கண்காணிப்பாளர் எதிரில்தான்: சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கி, கீழாடையை இறக்கி, போலிக் கருவி எதையும் கட்டியிருக்கவில்லை என்று காட்டியாக வேண்டும். ஐம்பது வயது மனிதர் ஒருவர் அப்படி நிற்பதை நினைத்தாலே மனம் கூசுகிறது. அதன்பின் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முறை முன்னறிவிப்பில்லாச் சோதனை. அது 5 ஆண்டுவரை நீளலாம்.

இத்தனையும் தாண்டினாலும் பழைய முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி இல்லை. செலவை அவர்தான் ஏற்க வேண்டும் என்றும் இல்லை. வேலை போனவர் கையில் எதைக் கொண்டு கட்டுவார்?

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. ஒரு நிறுவனத்தில் சிக்கியவர், வாயைத் திறக்காமல் அடுத்த ஊரில் சாவியை வாங்கிவிடலாம். நியூ ஆர்லியன்ஸ் விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், முடிவுகளை ஒரே இடத்தில் பதிய வேண்டும் என்று 2001-இல் பரிந்துரைத்தது. 2012-இல் அதற்குச் சட்டம் வந்தது. 'கிளியரிங்ஹவுஸ்' என்ற அந்தப் பதிவேடு திறந்தது 2020 ஜனவரி 6-இல். அதைப் பார்க்காமல் இன்று யாரையும் ஓட்டுநராகச் சேர்க்க முடியாது.

பதிவேடு ஓடி ஒளிவதை நிறுத்தியது. அதே பதிவேடு வேறொன்றையும் காட்டிவிட்டது: விலக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பும் வழியில் முதல் அடியே வைக்கவில்லை. 2024 நவம்பர் 18 முதல், அந்த வழியை முடிக்காதவர்களின் வணிக ஓட்டுநர் உரிமத்தையே மாநிலங்கள் பறிக்கின்றன.